சாம்பலில் ஆறாத கிண்ணம்

உங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. கீழே அட்டையை மடித்துக் கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். காலின் மேல்முனையில் வெல்டிங் இழுத்திருக்கிறது. ஒரே பக்கமாகப் பற்றவைத்துக்கொண்டு போனால் இரும்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். காத்திருந்த நேரத்தில் வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் பார்த்தேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் எழுதிக்கொடுத்த மூன்று பக்கத்தைப் படித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். படித்தேன். அவள் எழுத்து சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கோடு போடாத தாளிலும் நேராகப் போகும். எழுதியிருப்பதில் முக்கால்வாசி சரி. "என் கணவர் இறந்ததற்கு என்னுடைய வெல்டிங்தான் காரணம், வேறு யாரும் பொறுப்பில்லை" என்ற கடைசி வரி சரியில்லை. அதன் கீழே கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே எழுதுங்கள் என்றீர்கள். எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எனக்கு வெல்டிங் பட்டறை, கூடவே ஒரு கடைசல் எந்திரம். பின்னால் இரண்டு அறை வீடு. மனைவி இறந்துபோய் ஆறு வருடமாகிறது. அதன்பின் நானும் மகளும்தான். அவளுக்குக் கல்யாணமானதும் மாப்பிள்ளையும் எங்களோடு வந்துவிட்டார். வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவர், பட்டறை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது கேலி செய்தால், "வீட்டோட இல்லீங்க, பட்டறையோட மாப்பிள்ளை" என்பார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னை மேஸ்திரி என்பார்கள், அவளைச் சின்ன மேஸ்திரி என்பார்கள். பேருக்குத்தான் சின்ன. வாசலில் வண்டியை நிறுத்துகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சின்ன மேஸ்திரி இல்லையா?" என்று கேட்பார்கள். இருக்கிறாள் என்றால்தான் இறங்குவார்கள். எனக்கு அதில் பொறாமை கிடையாது. கண்ணில் புரை விழுந்து, வெளிச்சத்துக்கு நடுவே இரும்பு உருகி ஓடுவது எனக்குத் தெரியாமல் போன அன்று, அவள் என் கையிலிருந்து பிடியை வாங்கிக்கொண்டாள். "நீ போய் டீ போடுப்பா, அதுல உன்ன அடிச்சிக்க ஆள் இல்ல" என்றாள். எனக்கு வலிக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாள். பிறகு கண் ஆபரேஷன் செய்துகொண்டேன், எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் பிடி திரும்பி வரவில்லை. சமையல் என்னுடையது, பட்டறை அவளுடையது என்று ஆகிவிட்டது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. சொல்லப்போனால் என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் அதுதான்.

துறைமுக ஊரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை கிடைத்தது. குறித்த திங்கட்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று சொன்னாள்.

"நீயும் வாப்பா. ரெண்டு ரூம் குடுக்கறாங்களாம்."

"பட்டறைய யாரு பாக்கறது?"

"பூட்டிட்டு வா."

"பூட்டறதுக்கா நாப்பது வருஷமா தொறந்து வெச்சிருக்கேன்?"

மாப்பிள்ளை கூடத்திலிருந்தே, "மாமா, நீங்க வரலைன்னா இவ என்னத்தான் டீ போடச் சொல்லுவா, கொஞ்சம் இரக்கப்படுங்க" என்றார். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கார் ஒரு வாடிக்கையாளரின் கொட்டகையில் பல வருடமாகக் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டார். ஓட்டை வண்டி. மாப்பிள்ளை எட்டு மாதம் உட்கார்ந்து வயர் முழுக்க மாற்றினார், அவள் அடித்தளத்தில் துருப்பிடித்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டினாள். வெல்டிங் எந்திரத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அதிலேயே ஏற்றிக்கொண்டு போவதாகத் திட்டம். கடைசியில் மிச்சமிருந்தது முன்சக்கரம் இரண்டின் பால் ஜாயிண்ட்.

பால் ஜாயிண்ட் என்பது சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடிக்கிற மூட்டு. நம் தோள்மூட்டு மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், இரண்டுக்கும் அது இடம் கொடுக்கும். அது பிடியை விட்டால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அந்த மாடலுக்கு அது வருவது எப்போதோ நின்றுவிட்டது. சுமை வேனுக்கு வருகிற பால் ஜாயிண்ட் மலிவாகக் கிடைக்கும், உறுதியானது, ஆனால் பெரிது. ஆகவே அதற்குத் தக்க ஒரு கிண்ணம் செய்து, சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் முனையில் பற்றவைக்க வேண்டும். வெளியே கொடுத்தால், அந்தக் காரை விற்றால் வருகிற காசைவிடக் கூலி அதிகமாகும்.

அதனால் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைச் சரக்கில் செய்தோம். உடைந்த லாரி அச்சில் ஒரு துண்டை வாங்கிவந்தாள். கிண்ணம் இரண்டையும் கடைசலில் பிடித்துக் கொடுத்தது நான்தான். விரலால் தடவிப் பார்த்துச் செய்கிற வேலைக்குக் கண் அவ்வளவு வேண்டியதில்லை. அளவு பார்த்துவிட்டு, "கெழவனுக்கு இன்னும் கை நிக்குது" என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். அன்று முழுவதும் எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

லாரி அச்சு சாதாரண இரும்பு இல்லை. கோபக்காரன் மாதிரி, பார்த்துப் பழக வேண்டும். முதலில் கேஸ் தீயில் சூடாக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடுகிற அளவுக்கு. ஈரமில்லாத வெல்டிங் ராடு வேண்டும். அதற்கு அவள் ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, ராடுகளை இரண்டு நாள் அதில் வைத்திருந்தாள். பற்றவைத்த பிறகு மெல்ல ஆற வேண்டும். டிரம் நிறையச் சாம்பல் போட்டு அதற்குள் புதைத்துவிட்டால் பகல் முழுக்கச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் பற்றவைத்த இடத்தை ஒட்டி இரும்பு கண்ணாடி மாதிரி உடையக்கூடியதாக ஆகிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் பற்றவைத்தாள். நான் பக்கத்தில் நின்று ராடு எடுத்துக் கொடுத்தேன். அத்தனை அழகான வெல்டிங்கை நான் செய்ததே இல்லை என்பதை இங்கே எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். லோயர் ஆர்ம் இரண்டையும் டிரம்முக்குள் தலைகீழாக நிறுத்தி, பற்றவைத்த முனைகளைச் சாம்பலில் மூடினாள். பிறகு மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் புறப்பட்டார்கள். "சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது. யாரும்னா நீயும்தான்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நான் இடுக்கியால் ஒன்றை எடுத்துத் தண்ணீர் வாளியில் விட்டேன்.

ஒன்றைத்தான். இரண்டும் கெட்டால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று யோசிப்பாள். ஒன்று கெட்டால், யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடுவாள். சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது, ஆவி அடங்கியது. துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து, திரும்பவும் சாம்பலில் அதே இடத்தில் நிறுத்திவிட்டு, அடுப்பில் வைத்திருந்ததைப் பார்க்கப் போனேன்.

என்னுடைய கணக்கு மிக எளிமையானது. சாயங்காலம் அவள் சோதித்துப் பார்ப்பாள், விரிசல் தெரியும். வேறு அச்சுத் துண்டு தேட வேண்டும், கடைய வேண்டும், பற்றவைக்க வேண்டும். எப்படியும் நான்கு நாள். திங்கட்கிழமை போய்விடும். அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பிறகு சரியாகிவிடும். பஸ்ஸில் போயிருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்றுதான் இரும்பில் கை வைத்தேன்.

சாயங்காலம் வந்து இரண்டையும் வெளியே எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னப்பா, இது இன்னும் கதகதன்னு இருக்கு, இது சில்லுனு இருக்கு?"

"அது ஓரத்துல நின்னுச்சும்மா. அந்தப் பக்கம் சாம்பல் கம்மி."

என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு சரி என்று தலையாட்டினாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மண்ணெண்ணெய் தடவித் துடைத்தாள், மேலே சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தூவினாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் மயிர் மாதிரி கோடு போடும். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு வரவில்லை. நான் அவர்களைவிடக் கூடுதல் நேரம் பார்த்தேன். இந்த மாதிரி விரிசல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் திறக்கும் என்று உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் எழுதியிருக்கிறது. அது எனக்கும் தெரியும். அன்று ஞாபகத்துக்கு வரவில்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை மாட்டினாள். இரண்டு ஆர்மும் ஒரே மாதிரி, எந்தப் பக்கமும் போடலாம். அவள் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, "ஒண்ணு குடுப்பா, மொதல்ல டிரைவர் சைடு" என்றாள். கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன். ஜாக்கி இறங்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை தெருவில் வேகத்தடைமேல் மூன்று தடவை ஏற்றி இறக்கினார். மூன்றாவது தடவை கையைத் தட்டினார். அவள் வேலை அத்தனை நன்றாக இருந்ததால், நான் செய்ததையும் அது தாங்கிக்கொண்டது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி நம்பத் தொடங்கினேன். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னபின் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பார்வையோடு அவள் போய்விடுவாள், திரும்பி வரவே மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தேன். "பாத்துப் போங்க மாப்பிள்ளை, வேகம் வேணாம்" என்றேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை, ஐயா. அதை மனதாரத்தான் சொன்னேன். அவர் குனிந்து ஜன்னல் வழியாக, "ஒரு மாசம் பாப்போம் மாமா. அப்புறம் நானே வந்து உங்கள மூட்டையோட தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றார்.

இரண்டரை மணி நேரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. விபத்து என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. "என் வெல்டிங் விட்டுடுச்சுப்பா" என்றாள். "அவரு பேச மாட்டேங்கறாரு. நீ வந்து பேசிப் பாருப்பா" என்றாள்.

இறக்கத்தில், பாலத்துக்கு முந்திய வளைவில் சக்கரம் மடங்கியிருக்கிறது. டிரைவர் பக்கமாகவே சுவரில் போய் மோதியிருக்கிறது. அவர் அங்கேயே போய்விட்டார். அவளுக்கு வலது தோள் முறிந்தது, கண்ணாடி கிழித்தது, வேறொன்றும் இல்லை. காரை நான் பிறகு காவல் நிலையத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பின்சீட்டில் சாமானை ஏற்றாமல் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் புதுத் துணியில் தடித்த மெத்தை தைத்திருந்தது. எனக்கு இடுப்புவலி, சாதாரண சீட்டில் அரை மணிக்குமேல் உட்கார முடியாது. மாப்பிள்ளை எப்போது தைத்தார் என்று தெரியவில்லை, எனக்குக் காட்டவே இல்லை. அங்கே நின்று அழுதேன். காவலுக்கு இருந்தவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்து ஏழு மாதமாகிறது. தோள் கூடும் வரை நான்தான் ஊட்டிவிட்டேன். இப்போது கை தூக்குகிறாள், ஆனால் பட்டறைப் பக்கம் வருவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இருந்தாற்போல் இருந்து, "சில்லுனு இருந்துச்சுப்பா. நான் கவனிச்சேன். கவனிச்சும் மாட்டினேன்" என்பாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். விதி அம்மா, நீ என்ன செய்வாய் என்று நான் தேற்றுவேன். தலையைத் தடவிக் கொடுப்பேன். என் தோளில் சாய்ந்துகொள்வாள், சின்ன வயதில் சாய்ந்துகொண்ட மாதிரியே. அவள் மனம் உடைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆனாலும் உண்மையை எழுத வந்திருக்கிறேன் என்பதால் இதையும் எழுதுகிறேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள், சாப்பாட்டுக்கு மறுபடி இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது வாயைத் திறந்ததற்குக் காரணம் அவளுடைய வெல்டிங் சான்றிதழ்தான். குற்றம் அவளுடையது என்று உங்கள் அறிக்கை போனால் அதை ரத்து செய்துவிடுவார்கள், வழக்கும் வரும் என்கிறீர்கள். அவளோ இரண்டுக்கும் தயாராக, கொடுங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த வெல்டிங்கில் ஒரு குற்றமும் இல்லை. கெட்டது நான் விட்ட தண்ணீரில். அவள் எழுதியதைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்டனை எதுவானாலும் எனக்கு வரட்டும்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஓரிடத்தில் திருத்தம் வேண்டும். காருக்கு அடியிலிருந்து அவள் கேட்டபோது கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். தண்ணீரில் போட்டது எது என்று எனக்குத் தெரியும். துடைத்தபோது இடுக்கி பட்டு அதன் விளிம்பில் ஒரு வடு விழுந்திருந்தது. இரண்டும் என் முன்னால் தரையில் கிடந்தன. டிரைவர் பக்கம் என்று அவள் சொன்னாள். மற்றப் பக்கம் அவள் உட்காருகிற பக்கம். நான் வடு இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் ரேகையும் வைக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் இரும்பு சரியில்லை என்று மட்டும் எழுதிவிடுங்கள், அவளிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள், என்னை வேறு ஏதாவது காரணம் காட்டிக் கூட்டிக்கொண்டு போங்கள். இதை மட்டும் அவளுக்குக் காட்ட வேண்டாம். இனிமேல் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?